நானோ உலோகத் துகளும் மீனின் திசுவும்: தொட்டி முதல் ஸ்லைடு வரை முழுமையான வழிகாட்டி

நுண்ணோக்கியில் ஒரு செவுள். இழையின் இரு பக்கமும் சீப்புப் பற்கள் போலத் தகடுகள் நீண்டிருக்கின்றன. தகட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டிய மெல்லிய எபிதீலியப் படலமோ, ஈரம் ஏறிய சுவரில் பெயிண்ட் உப்பி நிற்பது போலப் பிரிந்து நிற்கிறது. வெள்ளி நானோ துகள் பட்ட மீன் என்று சொல்லிவிட்டால் கட்டுரைக்கு அருமையான படம். சிக்கல் என்னவென்றால், அந்த மீன் துகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது ஒப்பிடுவதற்காகத் துகளே போடாமல் வளர்த்த என் கட்டுப்பாட்டுக் குழு மீன். அறுத்தெடுக்கும் வரிசையில் கடைசியாக வைத்திருந்ததால், செத்த பிறகு இருபது நிமிடம் போலப் பனிக்கட்டித் தட்டில் கிடந்தது. உப்பல் அந்த இருபது நிமிடத்தின் வேலை. அந்தச் சோதனையில் எடுத்த செவுள் ஸ்லைடுகள் அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

மீன் திசுவில் காயத்தைக் கண்டுபிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தேடினால் எந்த மீனிலும் ஏதாவது கிடைக்கும். அந்தப் பழியைத் துகள்மேல் போட என்ன ஆதாரம் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தடுமாறுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி நுண்ணோக்கியில் தொடங்காமல், அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது.

படி 1: துகளின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள் என்கிறோம். ஒரு செ.மீ. பக்கமுள்ள உலோகக் கனசதுரத்துக்கு 6 சதுர செ.மீ. மேற்பரப்பு. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கிவிட்டால், எடை அதேதான், மேற்பரப்பு 600 சதுர மீட்டர். வேதிவினை நடப்பது மேற்பரப்பில் என்பதால், உலோகம் அதேயானாலும் நடத்தை மாறிவிடுகிறது. எண்ணிக்கையும் அப்படித்தான்: லிட்டருக்கு 1 மி.கி. என்ற அளவில் 20 நானோமீட்டர் வெள்ளி உருண்டைகளைக் கரைசலில் விட்டால், ஒரு லிட்டருக்குள் ஏறத்தாழ 23 லட்சம் கோடி துகள்கள் இருக்கும்.

காயத்துக்கான கட்டுகளிலும் நாற்றம் தடுக்கும் துணிகளிலும் வெள்ளி, வெயில் தடுப்புக் களிம்புகளில் துத்தநாக ஆக்சைடும் டைட்டேனியம் டை ஆக்சைடும், கப்பல் அடிப்புறப் பூச்சில் தாமிர ஆக்சைடு என இவை புழக்கத்தில் இருக்கின்றன. கழிவுநீர் வழியாக நீர்நிலைக்கு வருகின்றன. வரும் வழியிலேயே உருமாறுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பின்போது வெள்ளியின் பெரும்பகுதி சில்வர் சல்பைடாக மாறிவிடுகிறது. அது சரியாகக் கரையாது, நச்சும் குறைவு. பாட்டிலிலிருந்து எடுத்த புதுத் துகளை நேராகத் தொட்டியில் ஊற்றும்போது, ஆற்று மீன் சந்திக்கும் பொருளையே நாம் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீருக்குள் துகளுக்கு மூன்று கதி உண்டு. கரையலாம்: வெள்ளி, தாமிரம், துத்தநாக ஆக்சைடு ஆகியவை அயனிகளை விடும், தங்கமும் டைட்டேனியம் டை ஆக்சைடும் ஏறக்குறைய விடுவதே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியலாம். மட்கிய கரிமப் பொருளும் மீனின் சளியும் மேலே பூசிக்கொண்டு வேறு ஆளாகிவிடலாம். மூன்றும் ஒரே தொட்டியில், ஒரே நாளில் நடக்கும்.

மீனின் உடம்பில் நடப்பது இதன் தொடர்ச்சி. நன்னீர் மீன் தன் ரத்தத்தைவிட உப்புக் குறைந்த நீரில் வாழ்கிறது. சோடியத்தையும் கால்சியத்தையும் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. வெள்ளி அயனியும் தாமிர அயனியும் அந்தச் சோடியப் பாதையில் நுழைந்து, சோடியம்-பொட்டாசியம் ஏ.டி.பி.ஏஸ் என்ற நொதியை முடக்குகின்றன. துத்தநாகம் கால்சியத்தின் பாதையைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு உடம்பை விட்டுப் போய், ரத்தம் கெட்டியாகி, ஓட்டம் தளர்ந்து மீன் சாகும். துகளாகவே வருவது வேறு விதம்: சளியில் சிக்கித் தகட்டை அடைக்கும், செல் அதை விழுங்கினால், செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலத்தில் கரைந்து உள்ளுக்குள்ளேயே அயனியைக் கொட்டும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, கொழுப்புச் சவ்வையும் டி.என்.ஏ.வையும் தாக்கும்.

படி 2: கட்டுப்பாட்டுக் குழுக்களைத் தீர்மானியுங்கள்

துகளை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. சுத்தமான தண்ணீர் என்ற ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு நிறுத்திவிட்டால், "ஏதோ ஒன்று மீனைப் பாதித்தது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அயனிக் குழு கட்டாயம் வேண்டும்: வெள்ளிக்குச் சில்வர் நைட்ரேட், தாமிரத்துக்குக் காப்பர் சல்பேட், துத்தநாகத்துக்குத் துத்தநாக சல்பேட் அல்லது குளோரைடு. துகளின்மேல் பி.வி.பி., சிட்ரேட் போன்ற பூச்சு இருந்தால், பூச்சுப் பொருள் மட்டும் உள்ள குழு ஒன்று வேண்டும். வசதியிருந்தால் அதே உலோகத்தின் பெரிய துகள் குழுவும் சேர்க்கலாம். நான் அதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன். அயனிக் குழுவை விட்டுவிட்டு இதை வைப்பதில் பொருளில்லை.

அயனி எவ்வளவு போடுவது? துகளுக்கு ஈடான முழு எடையையும் போட்டால் எல்லா மீனும் செத்துவிடும். ஒப்பீடு நேர்மையாகவும் இருக்காது. தொட்டியில் உண்மையில் கரைந்திருக்கும் அளவை அளந்து, அதையே போட வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி. வெள்ளித் துகளில் 5 சதவீதம் கரைகிறது என்று அளவீடு சொன்னால், அயனிக் குழுவுக்குத் தேவை 0.05 மி.கி. வெள்ளி. சில்வர் நைட்ரேட்டின் எடையில் 63.5 சதவீதம்தான் வெள்ளி என்பதால், அந்த உப்பை லிட்டருக்கு 0.079 மி.கி. எடுக்க வேண்டும். நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தில் தாமிரம் 25.5 சதவீதம்தான். உப்பின் எடையையும் உலோகத்தின் எடையையும் குழப்பிக்கொண்ட கணக்குகள் அச்சேறியும் இருக்கின்றன.

ஜீப்ரா மீனில் தாமிர நானோ துகளைச் சோதித்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதை முறையாகச் செய்தது. 48 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மி.கி. என்று கண்டது, செவுள்தான் முக்கிய இலக்கு, கரைந்த தாமிரம் மட்டுமே அந்தச் சாவுகளை விளக்கப் போதவில்லை. அயனிக் குழு இல்லாமல் அந்தக் கடைசி வாக்கியத்தை அவர்கள் எழுதியிருக்கவே முடியாது.

எதிர்மாறான கதையும் உண்டு. அது உலோகமல்ல, கார்பன். 2004-ல் லார்ஜ்மவுத் பாஸ் மீனின் மூளையில் ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் துகள்கள் கொழுப்புச் சிதைவை உண்டாக்கியதாக ஒரு முடிவு வெளியாகி, பெரும் பரபரப்பானது. 2007-ல் ஜீப்ரா மீன் குஞ்சுகளில் மறுபடி பார்த்தபோது, டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானைக் கொண்டு தயாரித்த கலவையில், அந்தக் கரைப்பான் சிதைந்து உண்டான பொருளே நச்சுக்குக் காரணமாகத் தெரிந்தது. அதனால் துகளைக் கலக்க எந்தக் கரைப்பானையும், சோப்புத்தன்மையுள்ள எதையும் தொடாதீர்கள். வேறு வழியே இல்லாமல் தொட்டால், அதற்கும் ஒரு தனிக் குழு வையுங்கள்.

படி 3: துகளை அளந்து, மூலக்கரைசல் தயாரியுங்கள்

புட்டியில் ஒட்டிய சீட்டில் 20 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் அதை ஒரு வாக்குறுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உலர்ந்த துகளின் அளவையும் வடிவத்தையும் பாருங்கள். ஒளிச் சிதறலை வைத்து அளக்கும் டி.எல்.எஸ். கருவியில், தண்ணீரில் அது திரண்டிருக்கும் அளவைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது, இரண்டையும் எழுத வேண்டும். மேற்பரப்பு மின்னழுத்தமான ஜீட்டா அளவு, கூட்டல் அல்லது கழித்தல் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டியிருந்தால் துகள்கள் ஓரளவு ஒட்டாமல் நிற்கும். வெள்ளிக்கு எளிய சோதனை ஒன்றுண்டு: நல்ல கரைசல் மஞ்சளாக இருக்கும், ஒளி உறிஞ்சல் 400 நானோமீட்டரை ஒட்டி உச்சம் காட்டும். சாம்பல் நிறமாகி உச்சம் படுத்துவிட்டால் துகள் திரண்டுவிட்டது என்று பொருள்.

இந்த அளவீடுகளைத் தூய நீரில் செய்துவிட்டு நிறுத்துபவர்கள்தான் அதிகம். மீன் இருப்பது தூய நீரில் அல்ல. தொட்டி நீரில் கலந்து 0, 6, 24 மணி நேரங்களில் மறுபடி அளந்து பாருங்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. 2017-ல் வெளியிட்ட 318-ஆம் சோதனை நெறி இதற்கென்றே வந்தது.

மூலக்கரைசலைத் தூய நீரில், அன்றன்றைக்குத் தயாரியுங்கள். மீயொலிக் குளியலில் வைத்துக் கலக்குங்கள். சூடேறாமல் பனிக்கட்டி போடுங்கள். நுனிக் கம்பியை நேரே உள்ளே விடும் வகைக் கருவியானால், கம்பியிலிருந்து டைட்டேனியம் உதிரும். டைட்டேனியம் டை ஆக்சைடு ஆய்வில் இது முதலுக்கே மோசம்.

கரைந்த பகுதியை அளக்க, 3 கிலோடால்டன் அளவுள்ள மீநுண் வடிகட்டியில் சுழற்றி, கீழே இறங்கும் நீரில் உலோகத்தைப் பாருங்கள். சாதாரண 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் நானோ துகள் தடையில்லாமல் இறங்கிவிடும். அதில் வடித்ததைக் "கரைந்த உலோகம்" என்று எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார்.

படி 4: மீனும் தண்ணீரும்

விலங்கு ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகே மீனை வாங்குங்கள்.

எந்த மீன் என்பது என்ன அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜீப்ரா மீன் சிறியது, மரபணுத் தகவல் எல்லாம் கைவசம் இருக்கிறது, முழு உடலையும் ஒரே சீவலில் பார்க்கலாம். ஆனால் ஒரு மீனின் கல்லீரல் நொதிச் சோதனைகளுக்குப் போதாது, பலவற்றைச் சேர்க்க வேண்டிவரும். ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் தனித்தனியே வேண்டுமென்றால் கெண்டை, திலேப்பியா, டிரவுட் போன்றவை வசதி. ஆணையும் பெண்ணையும் கலக்காதீர்கள், அல்லது பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை வைக்கும் பெண் ஜீப்ரா மீனின் கல்லீரல் செல் நீலம் தூக்கலாகவும், ஆணின் செல் இளஞ்சிவப்பாகவும் இருப்பது இயல்பு. அதையே நச்சின் விளைவு என்று எழுதிவிடக்கூடும்.

குறைந்தது இரண்டு வாரமாவது மீனைத் தொட்டிக்குப் பழக்குங்கள். ஒரு வாரத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாகச் செத்தால் அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்; 10 சதவீதத்துக்கு மேல் என்றால் முழுக் கூட்டத்தையும் ஒதுக்குங்கள்.

தண்ணீர்தான் சத்தமில்லாமல் முடிவை மாற்றும் ஆள். கடினத்தன்மை கூடினால் உலோகத்தின் நச்சு குறையும். கரிமப் பொருள் இருந்தாலும் குறையும். குளோரைடு மிகுந்தால் வெள்ளி அயனி சில்வர் குளோரைடாக மாட்டிக்கொள்ளும். இன்னொரு பொறி: குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கச் சோடியம் தயோசல்ஃபேட் போடும் பழக்கம். தயோசல்ஃபேட் வெள்ளியை இறுகப் பிடித்துக்கொள்ளும்; நச்சு வெகுவாக விழுந்துவிடும். "எங்கள் வெள்ளித் துகள் பாதுகாப்பானது" என்று முடிவு எழுதுமுன், தண்ணீரை எப்படித் தயார் செய்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். காற்றூட்டி ஓரிரு நாள் வைத்த நீர், அல்லது கரி வடிகட்டியில் இறக்கிய நீர் நல்லது. சோதனைத் தொட்டிக்குள் மட்டும் கரியோ சரளையோ இருக்கக் கூடாது; துகளைத் தின்றுவிடும். பி.எச்., வெப்பநிலை, கடினத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா ஐந்தையும் எழுதிவையுங்கள். அம்மோனியா தனியாகவே செவுளில் செல் பெருக்கத்தை உண்டாக்கும்.

படி 5: அளவும் காலமும்

முதலில் கடுநச்சுச் சோதனை. ஓ.இ.சி.டி. 203 நெறிப்படி 96 மணி நேரம், குறைந்தது ஐந்து செறிவுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி இல்லாமல், செறிவுக்கு ஏழு மீனுக்குக் குறையாமல். கட்டுப்பாட்டுக் குழுவில் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது. ஆக்சிஜன் 60 சதவீத நிறைவுக்குக் கீழே இறங்கக் கூடாது. முதிர்ந்த மீனைக் கொல்லாமல் பார்க்க நினைத்தால், கருமுட்டைகளைக் கொண்டு செய்யும் 236-ஆம் நெறி 2013 முதல் இருக்கிறது.

திசு ஆய்வு நடப்பது அதற்குப் பின், சாகடிக்காத அளவுகளில், 14, 21 அல்லது 28 நாட்களுக்கு. பாதி மீனைக் கொல்லும் எல்.சி.50 அளவில் பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று எடுப்பது வழக்கம். வழக்கம் என்பதற்காக அது சரியாகிவிடாது. நீர்நிலைகளில் வெள்ளி நானோ துகள் லிட்டருக்கு நானோகிராம் அளவில் இருக்கும் என்பதே கணிப்பு. தொட்டியில் மில்லிகிராமைக் கொட்டிவிட்டு ஆற்று மீனுக்காகக் கவலைப்படுவது கணக்கில் உதைக்கிறது. குறைந்தது ஒரு செறிவாவது மைக்ரோகிராம் அளவுக்குக் கீழே இறங்கட்டும். அங்கே ஒன்றும் தெரியவில்லையென்றால் அதுவும் ஒரு முடிவுதான்.

லிட்டருக்கு 100 மி.கி. மூலக்கரைசல் இருந்து, 20 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1 மி.கி. வேண்டுமென்றால் 200 மி.லி. எடுத்து, மொத்தம் 20 லிட்டர் ஆகும்படி நிரப்புங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். மாற்றும் முன்னும் பின்னும் நடுமட்டத்தில் மாதிரி எடுத்து உலோகத்தை அளங்கள். நீங்கள் போட்டது 1 மி.கி.யாக இருக்கலாம், மறுநாள் காலை நீரில் மிதப்பது அதில் பாதிகூட இருக்காது. மீதி கண்ணாடிச் சுவரிலும் அடியிலுள்ள எச்சத்திலும் ஒட்டியிருக்கும். கட்டுரையில் போட வேண்டியது அளந்த எண். தீனி போடுவதை நீர் மாற்றுவதற்குச் சற்று முன் வைத்துக்கொண்டால், தீனியில் ஒட்டும் துகள் குறையும்.

காலையும் மாலையும் தொட்டி முன் உட்கார்ந்து பாருங்கள். செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கிறதா, செவுள் மூடியின் ஓரத்தில் வெண்ணிற நூல் போலச் சளி தொங்குகிறதா, கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறதா என்று குறியுங்கள். செலவே இல்லாத இந்தக் குறிப்புதான் பின்னால் ஸ்லைடைப் படிக்கையில் கைகொடுக்கும்.

படி 6: மீனை எடுப்பதும் திசுவைப் பதப்படுத்துவதும்

என் இருபது நிமிடக் கதை இங்கேதான் நடந்தது.

எம்.எஸ்.222 மயக்க மருந்தை லிட்டருக்கு 250 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுங்கள். வெறுமனே போட்டால் நீர் அமிலமாகி, செவுளை அதுவே பொசுக்கும். சோடியம் பைகார்பனேட் சேர்த்து பி.எச்.சைச் சமன்செய்யுங்கள். செவுள் மூடியின் அசைவு நின்றபின் பத்து நிமிடம் விடச் சொல்வது வழக்கம். அது இரக்கமான விதி, ஆனால் செவுளுக்கு அந்தப் பத்து நிமிடமும் நீளம்தான். ஆகவே எல்லா மீனுக்கும் ஒரே நேரக் கணக்கை, கடிகாரம் வைத்துக் கடைப்பிடியுங்கள். தலையில் அடித்துக் கொல்லும் முறையில் செவுள் தகடுகளில் ரத்தம் பொங்கிக் குமிழாகும். அந்தக் குமிழை நச்சின் அடையாளமாக எண்ண வாய்ப்புண்டு.

ஒரே மூச்சில் எல்லா மீனையும் மயக்காதீர்கள். ஒவ்வொன்றாக, குழுக்களைக் கலந்து: கட்டுப்பாட்டில் ஒன்று, அயனியில் ஒன்று, துகளில் ஒன்று, மறுபடி கட்டுப்பாட்டில் ஒன்று. முதலில் வால் நாளத்தில் ரத்தம்; சில மீன்களில் ஈ.டி.டி.ஏ. சிவப்பணுவை உடைத்துவிடும் என்பதால், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போதும். அடுத்து உடனே செவுள். இடப்பக்கத்து இரண்டாம் வளைவு நுண்ணோக்கிக்கு, வலப்பக்கம் நொதிக்கும் உலோகத்துக்கும் என்று முதல் மீனிலிருந்தே பாகம் பிரித்துவிடுங்கள். பிறகு கல்லீரல், சிறுநீரகம், குடல், மூளை.

சமன்செய்த 10 சதவீத ஃபார்மலின், திசுவின் அளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கு, 24 முதல் 48 மணி நேரம். ஃபார்மலின் சமன்செய்யப்படாமல் அமிலமாக இருந்தால், ரத்தம் மிகுந்த இடங்களில் பழுப்புக் கறுப்புப் பொட்டுகள் விழும். அவற்றைத் "திசுவில் தேங்கிய நானோ துகள்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுவார்கள். ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. 20 நானோமீட்டர் துகள் ஒன்றை அதில் பார்த்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஃபார்மலினுக்குப் பதில் பௌவின் என்ற பதப்படுத்தும் கரைசலைப் பயன்படுத்தினால், அதிலுள்ள பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

செவுள் வளைவின் எலும்பை ஈ.டி.டி.ஏ.வில் மென்மையாக்குங்கள். பிறகு ஆல்கஹால் படிகள், சைலீன், 56–58 டிகிரி மெழுகு, 4–5 மைக்ரோமீட்டர் சீவல், ஹீமடாக்சிலின்–இயோசின் சாயம். சளிச் செல்லுக்கு ஆல்சியன் நீலம் தனியாக. உலோக அளவீட்டுக்கான துண்டை ஃபார்மலினில் போடாதீர்கள். கழுவி உறைய வையுங்கள்.

படி 7: ஸ்லைடைப் படிப்பது

எண்களை மறைத்துப் படியுங்கள். எந்த மீன் எந்தக் குழு என்று படிப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே தேடிக் கண்டுபிடிக்கும்.

செவுளில் மாற்றங்கள் இரண்டு வகை. ஒன்று, மீன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது: எபிதீலியம் தகட்டை விட்டு உயர்வது, தகடுகளின் அடியில் செல்கள் பெருகி இடைவெளியை நிரப்புவது, பக்கத்துத் தகடுகள் ஒட்டிப்போவது, சளிச் செல்கள் பெருகுவது. உலோகம் ரத்தத்தைத் தொடும் தூரம் இதனால் கூடுகிறது. ஆக்சிஜன் நுழையும் தூரமும் சேர்ந்தே கூடிவிடுகிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது இதனால்தான். இரண்டாவது வகை நேரடிச் சேதம்: தகட்டைத் தாங்கும் தூண் செல்கள் அறுந்து ரத்தம் குமிழாகத் தேங்குவது, செல் செத்துக் கரு சுருங்கிக் கறுப்பது, எபிதீலியம் கிழிந்து உதிர்வது. முதல் வகையை உலோகம் மட்டுமல்ல, ஒட்டுண்ணி, அம்மோனியா, அமில நீர், அழுக்குத் தொட்டி எல்லாமே உண்டாக்கும். அதனால்தான் அயனிக் குழுவின் செவுளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எபிதீலிய உயர்வு மட்டும் தனியே தெரிந்து, வேறு மாற்றம் எதுவும் இல்லையென்றால் நான் முதலில் சந்தேகிப்பது பதப்படுத்தலை. உண்மையான நீர்க்கோப்பில் அந்த இடைவெளிக்குள் ஓரிரு வெள்ளணுக்களாவது பெரும்பாலும் தென்படும். செத்தபின் வந்த உப்பலில் வெற்றிடம்தான்.

கல்லீரலில் முதலில் கண்ணில் படுவது செல்லுக்குள் வெற்றுக்குமிழ்கள். அது கொழுப்பா கிளைகோஜனா? கிளைகோஜனைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமும், உறைசீவலில் கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் சாயமும் பதில் சொல்லும். பட்டினி கிடந்த மீனில் கிளைகோஜன் தீர்ந்து செல் சிறுத்திருக்கும். துகள் பட்ட மீன் சாப்பிடுவதைக் குறைத்திருந்தால், நீங்கள் பார்ப்பது நச்சின் விளைவா பசியின் விளைவா? தீனி மிச்சத்தை எழுதி வைத்திருந்தால் மட்டுமே பதில் கிடைக்கும். சைனுசாய்டு எனும் நுண் ரத்தக் குழாய்களின் விரிவு, ரத்தத் தேக்கம், கரு ஓரம் ஒதுங்குவது, மெலனோமேக்ரோபேஜ் எனும் நிறமி ஏறிய விழுங்கு செல்களின் மையங்கள் கூடுவது, செல் சாவு ஆகியவற்றையும் பாருங்கள். கெண்டையிலும் திலேப்பியாவிலும் கல்லீரலுக்குள்ளேயே கணையத் திசு தீவுகளாக இருக்கும். அடர்சிவப்பு மணிகளோடு தெரியும் அதைக் கட்டி என்று எண்ணி யாரும் திடுக்கிட வேண்டாம்.

சிறுநீரகத்தில் நுண்குழல் செல்களின் வீக்கம், உள்ளே கண்ணாடி போன்ற துளிகள், ரத்தத்தை வடிகட்டும் குளோமருலஸ் முடிச்சு சுருங்கிச் சுற்றுவெளி விரிவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. செத்தபின் சீக்கிரம் கெடும் உறுப்பு இதுவும். குடலைப் பொறுத்தவரை, நன்னீர் மீன் அதிகம் நீர் குடிப்பதில்லை, கடல் மீன் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே துகள் குடலைத் தொடும் அளவு இரண்டிலும் வேறு. மடிப்புகளின் உயரம், கோப்பைச் செல்களின் எண்ணிக்கை, நுனி உதிர்வு ஆகியவற்றை அளங்கள். மூளையில் பஞ்சு போன்ற துளைகளும் கறுத்த நரம்புச் செல்களும், தசையில் நார்களுக்கிடையே பிளவும் பெரும்பாலும் கைபட்டதாலோ நீர் நீக்கியதாலோ வருபவை. மற்ற ஆதாரமில்லாமல் அவற்றைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

படி 8: மதிப்பெண்

"லேசான", "கடுமையான" என்ற சொற்களை எண்ணாக மாற்ற இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. 1999-ல் வந்த பெர்னெட் முறையில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1 முதல் 3 வரை முக்கியத்துவ எடை. பரவலுக்கு 0, 2, 4, 6. இரண்டையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எபிதீலிய உயர்வு 4 பெருக்கல் 1, செல் பெருக்கம் 2 பெருக்கல் 2, செல் சாவு 2 பெருக்கல் 3 என்றால் மொத்தம் 14.

1994-ன் பொலெக்சிச் முறையில் மாற்றங்கள் மூன்று நிலை: முதல் நிலைக்கு 1, இரண்டாம் நிலைக்கு 10, மூன்றாம் நிலைக்கு 100. 10 வரை இயல்பு, 20 வரை லேசு, 50 வரை நடுத்தரம், 100 வரை கடுமை, அதற்கு மேல் மீளாச் சேதம். முதல் நிலையில் மூன்றும் இரண்டாம் நிலையில் இரண்டும் இருந்தால் 23, நடுத்தரம். அதோடு ஒரே ஒரு மூன்றாம் நிலை மாற்றம் சேர்ந்தால் 123. ஒற்றைக் காயம் மீனை "மீளாத" பக்கம் தள்ளிவிடுகிறது. சராசரி எடுக்கும்போது ஒரு மீன் முழுக் குழுவையும் இழுத்துக்கொண்டு போகும். என் கை பெர்னெட் பக்கம்தான் சாய்கிறது.

படி 9: நொதிகளும் உலோக அளவும்

பனிக்கட்டியில் வைத்து, பி.எச். 7.4 பாஸ்பேட் தாங்கலில் திசுவை அரைத்து, 4 டிகிரியில் சுழற்றித் தெளிநீரை எடுங்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன், கொழுப்புச் சிதைவை அளக்கும் டி.பி.ஏ.ஆர்.எஸ். ஆகியவை, ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதலைப் பார்க்க வழக்கமான தொகுப்பு. ஆரம்பத்தில் நொதிகள் ஏறும், தாங்க முடியாமல் போனால் இறங்கும். ஒரே ஒரு நாளில் பார்த்த ஏற்ற இறக்கத்துக்குத் தனியாகப் பொருளில்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் எடுங்கள்.

துகள் சோதனைக்குள்ளேயே புகுந்து குளறுபடி செய்யும். நரம்பு நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேஸை 412 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். வெள்ளித் துகளே அந்த இடத்தில்தான் ஒளியை உறிஞ்சுகிறது. கட்டுப்பாட்டு மீனின் தெளிநீரில் துகளை வெளியிலிருந்து சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்; எண் மாறினால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். மீனின் சிவப்பணுவில் கரு இருப்பதால், ஒரு துளி ரத்தத்திலேயே காமெட் சோதனையும் நுண்கருச் சோதனையும் செய்து டி.என்.ஏ. சேதத்தைப் பார்க்கலாம்.

உலோகத்துக்குத் திசுவை நைட்ரிக் அமிலத்தில் செரித்து, தனிமங்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் படியுங்கள். வெள்ளி இருக்கையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சமாகச் சேர்த்தால்கூட வீழ்படிவாகிவிடும். டைட்டேனியம் டை ஆக்சைடு நைட்ரிக் அமிலத்துக்கு மசியாது. போதாததற்கு 48 நிறையில் கால்சியம் வந்து டைட்டேனியம் போல நடிக்கும். மீன் திசுவில் கால்சியத்துக்கா பஞ்சம்? சான்றளிக்கப்பட்ட மாதிரி ஒன்றை, உதாரணமாகக் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் டோல்ட் என்ற சுறாக் கல்லீரல் பொடியை, ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டுங்கள். திசுவில் உலோகம் இருப்பது துகளாகவா அயனியாகவா என்பதை இந்த எண் சொல்லாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கறுப்புப் பொட்டு தெரிந்தாலும், எக்ஸ் கதிர் நிறமாலையில் அதன் தனிமத்தை உறுதிசெய்த பிறகே பெயர் வையுங்கள்.

படி 10: கணக்கும் எழுத்தும்

மூன்று தொட்டி, தொட்டிக்குப் பத்து மீன் என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை மூன்று; முப்பது அல்ல. ஒரே தொட்டி மீன்கள் ஒரே நீரைக் குடித்தவை. காய மதிப்பெண்கள் படிவரிசை எண்கள் என்பதால் கிரஸ்கல்–வாலிஸ் சோதனை பொருந்தும். நொதி அளவுகளில் குழுச் சராசரிகளை ஒப்பிட அனோவா சோதனையும், கட்டுப்பாட்டோடு ஒப்பிட டன்னெட் சோதனையும்.

எழுதும்போது துகளின் அளவு, பூச்சு, தொட்டி நீரில் அளந்த செறிவு, கரைந்த சதவீதம், நீரின் வேதியியல், செத்ததற்கும் பதப்படுத்தியதற்கும் இடைப்பட்ட நிமிடங்கள் எல்லாம் வரட்டும். கட்டுப்பாட்டு மீனின் படத்தையும் அதே உருப்பெருக்கத்தில், அளவுகோலோடு போடுங்கள். அயனிக் குழுவிலும் துகள் குழுவிலும் ஒரே காயம் ஒரே அளவில் இருந்தால், "அயனியே காரணமாக இருக்கலாம்" என்று எழுதத் தயங்காதீர்கள். மெழுகுக் கட்டிகளைப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். மதிப்பாய்வாளர் கேள்வி கேட்டால் புதிதாக ஒரு சீவல் வெட்டலாம்.

தொட்டி நீர் மிச்சம் இருக்கிறது. தினமும் மாற்றிய அத்தனை லிட்டரையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். பீப்பாயில் சேர்த்து, துகளைப் படியவிட்டு, வண்டலை அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். செத்த மீன்களும் அதே கணக்கில்தான் சேரும்.